கல்லில் ரங்கூன் என்றுதான் இருக்கிறது

யாங்கோன்
20 நவம்பர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரமாகிவிட்டது. தீபாவளிக்கு ஒரு போனோடு நிறுத்திக்கொண்டேன் என்று அப்பத்தா திட்டியிருக்கும். திட்டட்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த சின்னத் தாத்தாவை இங்கே போர்க்கல்லறையில் தேடி முடித்துவிட்டு எழுதலாமென்று தள்ளிப் போட்டதுதான்.

பெயர் கிடைத்துவிட்டது. சமாதி இல்லை. இதை அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்.

போர்க்கல்லறை இருக்கும் இடத்தின் பெயர் தௌக்கியான். இங்கிருந்து வடக்கே 35 கிலோமீட்டர், பியே சாலையில். அங்கே மூன்று இடத்தில் தேட வேண்டும். ஒன்றில் இல்லை என்றதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். முதலாவது கல்லறைகள்: 6,374. அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமோ என்று போர்க்களத்துப் புதைகுழிகளிலிருந்து எடுத்துவந்து சேர்த்தவையும் அதில் உண்டு. 867 பேருக்குப் பெயரே தெரியாது. இரண்டாவது, எரிக்கப்பட்டவர்களுக்கான தனி நினைவுச்சின்னம், ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். நம்மவர் இந்து என்பதால் அங்கேதான் இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. மூன்றாவது, நடுவிலுள்ள தூண்கள். உடல் எங்கே போனதென்றே தெரியாத 27,000 பேர் வரை அவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் இருக்கிறார்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தலைசுற்றிவிடும். 'சாமி' என்ற முடிவையே ஆங்கிலத்தில் வை போட்டும் ஐ போட்டும், நடுவில் டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதியிருக்கிறார்கள். பட்டாள நம்பர் வேண்டும். முதலில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அதைக் கொடுத்துத் தூணின் பக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். தூணில் ரெஜிமென்ட் வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, அதற்குள் அகர வரிசை. அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பட்டாளத்தின் பொறியியல் படை; பதவி சாப்பர், சாதாரண சிப்பாய். ஊர்ப் பெயரை நம்பி சிவகங்கை என்று தேடாதே. நம் மாவட்டம் 1985-ல் பிரிந்தது, அன்றைய ஏட்டில் ராம்நாடுதான். காலையில் சாய்வெயிலில் போனால்தான் எழுத்து தெரியும், உச்சிவெயிலில் கல் வெறுமையாகிவிடும். போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். தூண்களுக்கு நடுவே ஒரு வட்ட மண்டபம். 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இறந்தார்கள்' என்று அதில் ஐந்து மொழியில் பொறித்திருக்கிறார்கள்: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. தமிழ் இல்லை.

இன்னொன்று. கல்லில் ரங்கூன் என்று இருப்பதால் அவர் ரங்கூனில் இறந்ததாக ஆகாது. நினைவிடத்தின் பெயர் ரங்கூன், அவ்வளவுதான். அவர் இறந்த செய்தி வந்த தந்தியில் 1945 பிப்ரவரி என்றிருக்கிறதே, அப்போது ரங்கூன் ஜப்பான்காரன் கையில். பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது மே மாதம். பிப்ரவரியில் சாப்பர்களுக்கு வேலை, படையை ஐராவதி ஆற்றைக் கடத்திவிடுவதுதான். 12-ம் தேதி ராத்திரி மியின்முவில் ஒரு டிவிஷன் கடந்தது, 14-ல் நியாங்-ஊவில் இன்னொன்று. நியாங்-ஊவில் படகுக்குள் தண்ணீர் புகுந்தது, மோட்டார் நடு ஆற்றில் நின்றது, நின்ற படகுகளை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. எந்தத் துறையென்று ஏட்டில் இல்லை. ஆறு கொண்டுபோயிருக்கும் என்பது என் கணக்கு. சின்னத் தாத்தா என்கிறோம், வயது 21. உன் மகனுக்கு ஒரு வயது மூப்பு.

மாடி வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். தமிழ் மணிமணியாகப் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவருடைய அப்பா நேதாஜி பட்டாளம். நியாங்-ஊ கரையில் எதிரே நின்றவர்களில் அவர்களுடைய நேரு பிரிகேடும் உண்டு. "உங்க தாத்தன் எங்க அப்பனைச் சுட வந்தவனா?" என்று கேட்டுவிட்டு, ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். பர்மா பஜாரில் நீ சாப்பிடுவது போல முட்டையும் பேஜோவும் போட்டது இல்லை, இது வேறு. அவர் அப்பா பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. தெருவிலேயே தோசை சுடுகிறார்கள், சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. மாடியில் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை அம்மியில் அரைக்கும்போது மட்டும் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். இந்த மாதம் பணம் வரவில்லையே என்று மச்சான் நினைக்க வேண்டாம், சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். தைக்கு வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பத்தா கேட்ட பிடி மண்ணை நான் எடுக்கவில்லை. அந்த மண்ணில் அவர் இல்லை. தை அமாவாசைக்கு தேவிபட்டினத்தில் கொடுத்துவிடுங்கள், ஆற்று நீரும் கடலுக்குத்தானே வந்திருக்கும்.

இனி அந்த 40 சென்ட் நிலத்துக்கு வேண்டிய அவருடைய இறப்புச் சான்று. தூண் போட்டோவைத் தாசில்தார் ஆபீசில் நீட்டினால் எடுபடாது. இணையதளத்தில் எடுக்கும் தாளும் நினைவுச் சான்றுதான், இறப்புச் சான்று அல்ல. பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுது. நம்பர், பதவி, பெயர், அவர் அப்பா பெயர், ஊர், தாலுகா, பழைய ஜில்லா, தந்தியிலுள்ள தேதி எல்லாம் வேண்டும். பதிவுத் தபாலில் நகலை மட்டும் அனுப்பு. ஒரிஜினல் தந்தி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் திரும்பாது. பெரியப்பா வீட்டில் யாரிடமும் பதில் வரும்வரை பேச்செடுக்காதே.

தந்தி தேக்குப் பெட்டியின் அடித்தட்டில், பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கும். சாவி அப்பத்தா இடுப்பில். தூங்கும்போது அவிழ்க்காதே, கேட்டு வாங்கு.

அன்புடன்,
தம்பி