கடன் வாங்கிச் சாப்பிட்டால் வறுமை இல்லையா?

ஒட்டுசுட்டான்

அன்புள்ள கலா,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். மாமிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. பெரியவன் வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்றதெல்லாம் நேரில் கதைப்போம். இப்போது எழுதுவது வேறு விடயத்துக்கு. புள்ளிவிபரத்தோடு புழங்குகிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான், ஆகவே முழுக்க வாசி.

பவானியின் மகள் நினைவிருக்கிறதா? மாதர் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பாளே, அவள்தான். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேன்முறையீடும் சரிவரவில்லை. காரணத்தை யாரும் எழுத்தில் தரவில்லை. விசாரிக்க வந்தவர் கல்வீட்டையும் மோட்டார் சைக்கிளையும் குறித்துக்கொண்டு போனார், அவ்வளவுதான் தெரியும். அந்த வீடு இந்திய வீட்டுத் திட்டத்தின் ஐந்தரை இலட்சத்தில் தொடங்கியது. காசு போதாமல் நுண்கடன் எடுத்து முடித்தாள். மோட்டார் சைக்கிள் லீசிங். வருகிற கூலி கிழமைக் கடனுக்கே போய்விடுகிறது, அரிசியும் மாவும் கடைக் கொப்பியில் ஏறுகின்றன. இப்போது தாலிக்கொடியும் அடைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இருக்கிற அறிக்கைகளையெல்லாம் தேடி எடுத்து வாசித்தேன். நீ சிரிப்பாய், சிரி. கணக்குப் பாடத்தில் உன் கொப்பியைப் பார்த்து எழுதியவள்தானே என்பாய். ஆனால் இதைப் பார்.

அரசாங்கத்தின் குடும்ப வருமானச் செலவின அளவீட்டில் 2009/10 இல் எங்கள் முல்லைத்தீவு மாவட்டம் இல்லவே இல்லை. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றையும் விட்டுவிட்டுத்தான் எண்ணினார்கள். 2012/13 இல்தான் முதல் தடவையாக 25 மாவட்டங்களும் சேர்ந்தன. அப்போது முல்லைத்தீவில் வறியவர்கள் 28.8 வீதம், நாட்டிலேயே அதிகம். 2016 இல் 12.7 ஆக இறங்கியது. 2019 இல் 44.5! அந்த மூன்று வருடத்தில் இங்கே அப்படி ஒரு பேரழிவும் நடக்கவில்லை. 2016 வரை 2002 இல் வகுத்த வறுமைக் கோட்டையே விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு வந்தார்கள். பிறகு 2012/13 செலவுகளை அடிப்படையாக வைத்துப் புதுக்கோடு கீறினார்கள். 2019 இல் அது ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். பழைய கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. புதுக்கோட்டை நான் குறை சொல்லவில்லை, அதுதான் உண்மைக்குக் கிட்ட. 12.7 ஐ நம்பி எங்களை மறந்திருந்த வருடங்களைத்தான் நினைத்துக் கோபப்படுகிறேன்.

என் பெரிய கவலை வேறு. இந்தக் கணக்கு ஒரு வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்கிறது. கடனைப் பற்றியும் கேட்கிறார்கள்தான், ஆனால் வறுமைக் கோட்டோடு ஒப்பிடும்போது அதைக் கழிப்பதில்லை. தாலிக்கொடியை அடைவு வைத்துப் பிள்ளைக்கு முட்டை வாங்கினால், அந்தக் கணக்கில் அவள் கொஞ்சம் வசதியாகிறாள்! கலா, இது எப்படிச் சரியாகும்? இங்கே எத்தனை வீடுகள் இப்படி மிதக்கின்றன என்று எனக்குத் தெரியும், சங்கத்தின் கடன் பதிவேடு என் கையில்தானே இருக்கிறது.

சராசரியையும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2019 இல் நாடு முழுவதற்கும் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய், ஆனால் சரிபாதிக் குடும்பங்கள் 53,333 க்குக் கீழே. மேல்தட்டு ஐந்திலொரு பங்கினர் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதீட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2025 இல் எங்கள் மாவட்டத்து வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். மழைக்கு அந்தப் பாலத்தைக் கடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அஸ்வெசுமவில் வறியவர்களுக்கு 8,500 ஐ 10,000 ஆக்கினார்கள், மிக வறியவர்களுக்கு 15,000 ஐ 17,500 ஆக்கினார்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் 2024 தை மாதம் 18 வீதமாக உயர்ந்த வற் (பெறுமதி சேர்) வரி பட்டியலில் இல்லாதவளையும் விட்டுவைக்கவில்லை. சவர்க்காரம் வாங்கும்போது அவள் கொடுக்கிற வரி திறைசேரிக்குப் போகிறது, திறைசேரியிலிருந்து அவளுக்கு வருவது ஒன்றுமில்லை. அரச வருமானத்தில் ஒரு பெரிய பங்கு கடன் வட்டிக்கே போகிறது என்பதும் விளங்குகிறது. காசு அவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது பட்டியல் பிழைத்தால் யார் பொறுப்பு?

அதனால் கேட்கிறேன். சங்கத்தில் நாங்களே ஒரு கணக்கெடுப்புச் செய்யப் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் வரவு, செலவு, கிழமைக் கடன், அடைவு, கடைக் கொப்பி, தோட்டத்து விளைச்சல், எல்லாவற்றையும் எழுதிப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கேள்விகளை எப்படி அமைப்பது என்று நீ சொல்லித் தா. அளவீட்டுப் படிவத்தின் தமிழ்ப் பிரதி இருந்தால் உடனே அனுப்பு. முடிந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கே வா. பவானியும் உன்னைக் கேட்டாள், போன முறை பாலைப்பழத்துக்கு நீ போட்ட சண்டையை இன்னும் அவள் மறக்கவில்லை.

அன்புடன்,
ராணி