அம்மா கேட்க நினைத்த கேள்வி

சிங்கப்பூரில் பல மொழிகளில் நாடகம் போடும் குழுக்களின் கலை இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு என் அம்மாவை அழைத்துப் போனேன். அவருக்கு 76 வயது. 'சமூகச் சிறப்புக் காட்சி' என்று விளம்பரத்தில் இருந்தது. ஆங்கிலம், மலாய், மாண்டரின், சீனக் கிளைமொழியான ஹொக்கியன், கொஞ்சம் தமிழ் எல்லாம் கலந்த நாடகம். முடிந்ததும் கலந்துரையாடல், தேநீர். குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்களிடம் மட்டும் உள்ள குறை இல்லை இது.

அம்மா செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சந்தையில் புழங்கும் பாசார் மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஈரச்சந்தையில் மீன் பேரம் பேசும் அளவுக்கு ஹொக்கியனும் வரும். நான் ஆங்கிலத்தில் படித்தவள். மலாய் வசனத்துக்கு மேலே திரையில் ஓடிய ஆங்கில வரிகளை நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா சிரித்துவிட்டார். அவரோடு சேர்ந்து சிரித்தது முன்வரிசையில் இருந்த நாலைந்து கிழவிகள் மட்டும்தான். படித்த பிள்ளைகள் எங்களுக்கு வரி வந்து சேர்வதற்குள் நகைச்சுவை ஆறிப்போயிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு கதை ஆங்கிலத்துக்கு மாறியது. "என்னடி சொல்றான்?" என்று அம்மா காதருகே கேட்டார். நானும் முணுமுணுத்தேன். மூன்றாவது தடவை அரங்கப் பணியாளர் ஒருவர் குனிந்து, மரியாதையாகத்தான், பேச வேண்டாம் என்றார். அதன்பிறகு அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

உங்களுக்கு நான் நாடகாசிரியர் குவோ பாவ் குன்னைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1988ல் அவர் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா'வில் ஹொக்கியன் மட்டுமே தெரிந்த ஒரு தாயும், தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்திக்கிறார்கள். இருவருமே பூனையைத் தொலைத்தவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு முடியாத பேச்சு வழிப்போக்கரோடு முடிந்துவிடுகிறது. கிளைமொழிகளை விட்டு மாண்டரின் பேசுங்கள் என்று சீனர்களிடம் அரசாங்கம் சொன்ன மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979ல் தொடங்கியபின் எத்தனையோ சீனப் பாட்டிகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே விழுந்த இடைவெளி அந்த நாடகத்தில் இருக்கிறது. நம் பன்மொழி நாடகத்தின் தொடக்கம் என்று அதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

அந்த முதியவர் இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உங்கள் அரங்குக்கு வந்தால் அவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

தமிழ் நாடகக் குழுக்கள் மேடையேற்றும்போது பெரும்பாலும் ஆங்கில வரிகளைத் திரையில் ஓட்டுகிறார்கள். சீனரும் மலாய்க்காரரும் வந்து பார்க்கட்டும் என்ற நினைப்பு. நான் பார்த்த ஆங்கில, பன்மொழி நாடகங்களில் தமிழ் வரி ஓடியதாக ஒன்றுகூட நினைவில் இல்லை. செலவு என்பீர்கள். ஆள் இல்லை என்பீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழே அதிகம் பேசுகிறோம் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான் என்றும் காட்டலாம். சரி, எல்லாக் காட்சிக்கும் கேட்கவில்லை. நாடகம் ஓடும் நாள்களில் ஒரே ஒரு பகல் காட்சி. தமிழ் வாக்கியம் நீளமாகும், இரண்டு வரிக்குள் அடங்காது என்பது உண்மை. வசனத்தை அப்படியே பெயர்க்காமல் சுருக்கி எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். மேடை ஒத்திகைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள், முந்தின நாள் இரவு மின்னஞ்சலில் வேலையைத் தள்ளிவிடாதீர்கள். எழுத்து உடைந்து, கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கம் கிடக்காமல் பார்க்கவும் ஒரு தமிழ்க் கண் வேண்டும்.

திரை முடியாதென்றால் காதொலிக் கருவி. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்க்கிறார்கள். நுட்பம் ஊருக்குப் புதிதல்ல. அதுவும் முடியாதா, கதைச்சுருக்கத்தை ஒரு பக்கத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் கொடுங்கள்.

இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இறுக்கம் தளர்த்திய காட்சிகள் நடத்துகிறீர்கள். விளக்கை முழுதாக அணைப்பதில்லை, ஒலியைக் குறைக்கிறீர்கள், எழுந்து போகலாம், சத்தம் போடலாம். நல்ல காரியம். பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால்தான் நாடகம் பார்க்க முடியும் என்ற பெரியவர்களுக்கும் அதே போல ஒரு காட்சியைத் திறந்துவிடுங்கள். முணுமுணுப்பு அனுமதி என்று பலகையே வைக்கலாம். அந்தப் பிள்ளைகளின் காட்சியில் இடத்தைப் பங்கு கேட்கவில்லை, தனியாகவே வையுங்கள்.

தீபாவளி சமயத்தில் நீங்கள் நடத்தும் 'சமூக நிகழ்ச்சி' பற்றியும் ஒரு வார்த்தை. முறுக்கும் மருதாணியும் எங்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும். நாடகம்தான் கிடைப்பதில்லை.

கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட அரசாங்கம் தரும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் வழியாக 2025 செப்டம்பரிலிருந்து அம்மா பெயரிலும் 100 வெள்ளி இருக்கிறது. 2028 கடைசி வரை செல்லும். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து, நாடகம் தேடி, இருக்கை பிடித்துக் கொடுக்க நான் இருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர்களுக்காக சமூக மன்றத்திலும் முதியோர் நிலையத்திலும் ஒரு மேசை போட்டு, தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

அன்று கலந்துரையாடல் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. அம்மா என் முழங்கையை இடித்து ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். எழுந்து நின்று மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன். தோ பாயோ வரை அவர் பேசவில்லை. அன்று பார்த்த நாடகத்தில் வந்த தமிழ்த் தாத்தாவைப் பற்றிய அந்தக் கேள்வியை இங்கே எழுதிவிடுகிறேன், யாராவது பதில் சொல்லுங்கள்:

"அந்தத் தமிழ்த் தாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் வேட்டியும் ஜிப்பாவுமா படுத்திருக்காரு? வீட்ல கைலிதானே கட்டுவாங்க?"

இப்படிக்கு,
தோ பாயோவிலிருந்து ஒரு ரசிகை