பொன்னாடை போதாது, தெருவில் கல் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினால் சென்னையின் பழைய பேட்டைகளைப் பற்றிய பேச்சு களைகட்டிவிடும். நடைப்பயணம், கண்காட்சி, பகுதிப் பெரியவர்களுக்குப் பொன்னாடை எல்லாம் நடக்கும். மாதம் முடிந்ததும், அதே தெருவில் நடந்து போகிறவருக்கு அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. மாநகராட்சி ஒரு நிரந்தர நினைவுக் கல் திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தியாகராய நகர் சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல், பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில். அந்தச் செய்தி அந்தப் பள்ளி வாசலில்தான் இருக்க வேண்டும். திருவல்லிக்கேணி 1904இல் தனக்கென்று ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியது. நாட்டின் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்துக்கே அது முன்னோடி. பெரம்பூர் பக்கிங்காம் அண்டு கர்நாடிக் (பி அண்டு சி) துணி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியாவுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்காவது, அதைத் தொடங்க முன்னின்ற செல்வபதி செட்டியாருக்கும் இராமானுஜலு நாயுடுவுக்கும் சேர வேண்டும். இப்படிப்பட்ட பெருமை தனி ஆளுக்கு உள்ள அளவு அந்தப் பேட்டைக்கும் உண்டு. தெருவுக்குப் புதுப் பெயர் சூட்டினால் பழைய பெயரோடு இருந்த வரலாறும் போய்விடுகிறது. அதனால் பெயர் மாற்றத்தை விடக் கல் நடுவதே மேல்.

லண்டனில் 1867 முதல் இப்படிப் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் வட்டப் பலகை பதிக்கிறார்கள். அவர் இறந்து 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு பலகைதான். இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 20 ஆண்டு விதி மிக முக்கியம். கட்சிப் போட்டியின் சூடு அதற்குள் தணிந்துவிடும். கட்டடம் அடையாளம் மாறாமல் இருக்க வேண்டும் என்றும் அங்கே ஒரு விதி உண்டு. அது நமக்கு ஒத்துவராது. பெரம்பூர் ஆலை போன இடத்தில் நடைபாதையோரம் தனிக் கல் நட்டு, ‘இங்கே இருந்தது’ என்று எழுதினால் போதும்.

எந்தக் கதவு என்று உறுதி செய்வதில்தான் பெரிய தவறு நேரும். சென்னையில் பல வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கடிதத்தில் உள்ள எண் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டின் சர்வே எண், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அக்காலப் பதிவுகள் மூன்றும் ஒத்துப்போன பிறகே கல்லுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ‘இத்தெருவில்’ என்று எழுதுவது நேர்மை.

கல்லில் பெயர், பிறப்பு இறப்பு ஆண்டு, செய்த காரியம், நடந்த ஆண்டு மட்டும் இருக்கட்டும். திறந்து வைத்தவர் பெயர் வேண்டவே வேண்டாம். இரண்டடிக்கு ஒன்றரை அடி, 20 மி.மீ. கனம், மெருகேற்றிய கறுப்பு கிரானைட் நல்லது. எடை சுமார் 16 கிலோ வரும். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதாக வெட்டினால் ண, ன, ழ எழுத்துகளின் சுழிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய கல் பொரிந்து, எழுத்து வெறும் குழியாகிவிடும். வெட்டிய இடம் தானே வெளிர் சாம்பல் நிறத்தில் தெரியும் என்பதால் தங்க நிறப் பெயிண்டுக்கு வேலையே இல்லை. வெயிலிலும் கடற்காற்றிலும் அது சில வருடங்களில் உரிந்துவிடும்.

பதிக்கும் முறை இதைவிட முக்கியம். ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டைப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அங்கே சிமென்ட் வைத்து ஒட்டினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பூக்கும், சுற்றியுள்ள செங்கல் பொடியும், கல் ஒருநாள் மொத்தமாகக் கழன்று விழும். இரும்புக் கொக்கி துருப்பிடித்துப் பருத்துக் கல்லின் மூலையைப் பிளக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நான்கு போதும். துளையைச் செங்கல்லில் போடாமல் சாந்து இணைப்பில் போட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையால் நிரப்பி, கல்லுக்குப் பின்னால் 10 மி.மீ. காற்றிடைவெளி விட வேண்டும். கல்லின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஐந்தடியாவது இருக்கட்டும். தாழ்ந்தால் சுவரொட்டியும் வெற்றிலைச் சாறும்தான் அதன் மேல் இருக்கும். நீதியரசர் பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், துளை போடும் முன் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவைக் கேட்பது கட்டாயம்.

உயிரோடு இருப்பவர்களுக்குக் கல் வேண்டாம். தெருவில் குடிநீருக்கோ இரவுப் பள்ளிக்கோ உழைத்தவரை மேடையேற்றும்போது அவர் செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்து, பகுதி நூலகத்தில் ஒரு படி சேர்க்கலாம். கேடயத்தைவிட அந்தத் தாள் நாளைய ஆய்வாளருக்குப் பயன்படும். பெயர்களைப் பரிந்துரைக்கும் வேலையையும் பகுதி சபைகளிடமே விடலாம்.

பராமரிப்புக்குத் தனிப் பணம் தேவைப்படாது. வருடத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரும் நார்த் துடைப்பமும் போதும். சுவரொட்டியை நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். சுரண்டினால் மெருகு கெடக்கூடும். ஆசிட் ஊற்றவே கூடாது, வழிந்து சுண்ணாம்புப் பூச்சை அரித்துவிடும். இந்தக் கற்களை வார்டு உதவிப் பொறியாளரின் பராமரிப்புப் பதிவேட்டில் முதல் நாளே ஏற்றிவிடுமாறு மாநகராட்சி ஆணையரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
வடசென்னை