2024–25ஆம் ஆண்டறிக்கை: ஆடர்லி–ஹில்குரோவ் மலைப்பாதைப் பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டு நம் மாதிரி ரயில் சங்கத்தின் உழைப்பு முழுவதும் ஒரே பலகையின் மீது, அதாவது மாதிரி ரயில் ஓடும் மேடையின் மீது, சென்றது. 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம். நீலகிரி மலை ரயில் பாதையில் ஆடர்லிக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே உள்ள காட்டுப் பகுதியின் சாயலில் ஒரு பாலம், ஒரு குகை, ஒற்றை ரயில் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். அதை நம் மாதிரிகளின் அளவுக்கு, அதாவது 87இல் ஒரு பங்காக, சுருக்கினாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். 208 வளைவுகளையும் 16 குகைகளையும் 250 பாலங்களையும் ஒரு மாடி அறைக்குள் கொண்டுவர முடியாது. எடுத்துக்கொண்ட துண்டு சிறியது. ஆனால் அந்தத் துண்டில் பொய் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தோம்.

நீலகிரிப் பாதை எந்த கேஜ் என்று புதிய உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இங்கே பதிவு செய்கிறேன். கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். நம் ரயில்வே கணக்கில் நாரோ கேஜ் என்றால் 762 அல்லது 610 மில்லிமீட்டர்தான். மாதிரி ரயில் கட்டுபவர்களோ 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாவற்றையும் குறுகிய பாதை என்றே சொல்கிறார்கள். 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வருகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 12. அந்த அரை மில்லிமீட்டரை ஏற்றுக்கொள்வது என்று செயற்குழு முடிவு செய்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் அதை ஏற்கவில்லை. அவருடைய மறுப்பு கூட்டக் குறிப்பில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

சரிவில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மைப் பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28 அடிக்கு ஓரடி. நம் பலகையிலும் அதே கணக்குத்தான்: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் தண்டவாளம் ஏறத்தாழ ஓரடி உயர்கிறது. மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இந்த ஏற்றத்தில் சக்கரப் பிடிப்பை மட்டும் நம்பி என்ஜின் ஏறாது. தொடக்கத்தில் முயன்று பார்த்தோம். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன.

ஆகவே பற்சட்டம், அதாவது என்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்குப் பற்கள் வெட்டிய சட்டம். ஆப்ட் முறையில் தண்டவாளங்களின் நடுவே இரண்டு சட்டங்கள் அருகருகே ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் பற்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடி விட்டுப்போவதில்லை. ஓய்வுபெற்ற ஃபிட்டரான நம் உறுப்பினர் பித்தளைப் பட்டைகளை அரத்தால் இழைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் இணைப்பையும் பார்த்து ஒட்டினார். முதல் நாள் ஓட்டத்தில் ஒரே இடத்தில் என்ஜின் துள்ளியது. அங்கே இரு பட்டைகள் சேரும் மூட்டில் ஒரு தலைமுடி அளவு இடைவெளி. ஒட்டியதைப் பிரித்து மீண்டும் போட்டார். இப்போது என்ஜின் கீழ்முனையில் நின்று, நீலமும் வெளிர்மஞ்சளுமான மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உண்மை ரயிலைப் போலவே நிதானமாக ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் 19 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியுடன் நிற்கிறார். அவற்றுக்கு வண்ணம் தீட்டியது இந்த ஆண்டு சேர்ந்த கல்லூரி மாணவி.

இனி வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. நவம்பரில் ஒரு பள்ளிக் கண்காட்சியில், பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்க, பாலத்தின் வாயிலில் வண்டி நின்றுவிட்டது. கையால் தள்ளினால் ஓடும், மறுமுறை அதே இடத்தில் நிற்கும். மல்டிமீட்டர் அங்கே 15 வோல்ட் காட்டியது. ஒயரில் குறையில்லை என்று நான்தான் சொன்னேன், அது தவறு. அறைக்குத் திரும்பி, 12 வோல்ட் கார் விளக்கு ஒன்றை அதே இடத்தில் தண்டவாளங்களுக்கு இடையே இணைத்தபோது 15 வோல்ட் 9 ஆக இறங்கியது. சுமை இல்லாதபோது முழு மின்னழுத்தம் இருப்பதுபோல் தோன்றும். சுமை ஏறினால்தான் மூட்டின் பலவீனம் வெளிப்படும். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒயரைத் தண்டவாளத்தோடு ஒட்டும் சால்டர் மேலே பளபளப்பின்றி உருண்டு நின்றது. விரலால் தொட்டதும் ஒயர் கழன்று வந்தது.

குறை அந்த ஒரு மூட்டோடு முடியவில்லை. முன்பு ஒயரிங் பார்த்த உறுப்பினர் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவர் மனத்தில் மட்டும் இருந்தது. படம் வரைந்து வைக்கச் சொல்லி நாம் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட்டோம். பலகையின் அடியில் முனைக்கு முனை தடித்த முதன்மை ஒயர். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனி இறக்க ஒயர். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட் மின்சாரத்தைக் கடத்தும் என்று இனி நம்புவதில்லை. மலையை ஒட்டிய தண்டவாளத்துக்குச் சிவப்பு, பள்ளத்தாக்குப் பக்கத்துக்குக் கறுப்பு. ஒவ்வொரு முனையிலும் எண், எண்ணுக்கு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி.

ஓட்டம் தொடங்கும் முன் நாணயச் சோதனை கட்டாயம் என்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் வழியில் எங்கோ ஒரு மூட்டு மின்தடையாக நிற்கிறது, ஷார்ட் ஆகும் நாளில் சூடு அங்கேதான் ஏறும் என்று பொருள். அறை முழுவதும் பிளைவுட்டும் காய்ந்த பாசியும் இருக்கும்போது இதை அலட்சியப்படுத்த முடியாது.

மார்ச் மாதம் அதே பள்ளிக்கு மீண்டும் பலகையைக் கொண்டு போனோம். காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பித்தளைக்கும், என்ஜினுக்குள் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் டீகோடருக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

வரும் ஆண்டுக்குக் கல்லாறு நிலையப் பலகையை முன்மொழிகிறேன். பற்சட்டம் தொடங்கும் இடம் அதுதான். நமக்கு இதுவரை வராத சிக்கலும் அங்கேதான். இப்போது நம் என்ஜினைப் பற்சக்கரம் மட்டுமே இழுக்கிறது. கல்லாற்றில் சமதளத்தில் சக்கரத்தாலும், ஏற்றத்தில் பற்சக்கரத்தாலும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே மோட்டாரில் பூட்டினால், சுற்றளவில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஒன்றையொன்று இழுத்து வண்டி திக்கும். வின்டர்தூரில் நீலகிரிப் பாதையின் எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜினை வடிவமைத்த சுவிஸ் பொறியாளர்கள் நான்கு சிலிண்டர்கள் வைத்து, இரண்டைச் சக்கரத்துக்கும் இரண்டைப் பற்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நாமும் இரண்டு சிறு மோட்டார் போடலாம் என்று ஃபிட்டர் ஐயா சொல்கிறார்; கொதிகலனுக்குள் இடம் போதாது என்கிறார்கள் இளைய உறுப்பினர்கள். இரு தரப்பும் அட்டையில் மாதிரி வெட்டி அடுத்த மாத முதல் ஞாயிறு காலை கொண்டுவர வேண்டும். வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட்ஸுக்கான ஒயரிங் படத்தை அன்றே நான் வரைந்து தருகிறேன். படத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பலகையில் துளை போடப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்