எந்த வாஷிங்டன் என்று கொஞ்சம் எழுதுங்களேன்

வாஷிங்டன் கவுண்டி கிளார்க் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். எந்த வாஷிங்டன் கவுண்டி என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டிகள், லூசியானாவில் அதற்குப் பெயரான பாரிஷையும் சேர்த்து, அமெரிக்காவில் அந்தப் பெயரில் 31 இருப்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எந்த அலுவலகத்தைச் சொல்கிறேன் என்று சொல்லப் போவதில்லை, எல்லோருமே படியுங்கள்.

கிரீன் கார்டுக்காக எங்கள் திருமணப் பதிவின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டது. தேடியதும் முதலில் வந்த தளத்தில் மேலே பெரிய எழுத்தில் 'வாஷிங்டன் கவுண்டி கிளார்க்', பக்கத்தில் மணிக்கூண்டு வைத்த செங்கல் கட்டடம். நாங்கள் கையெழுத்துப் போட்ட கோர்ட்டும் செங்கல்தான், அதற்கும் மணிக்கூண்டு உண்டு. நம்பிவிட்டேன். அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸைப் படமெடுத்து ஏற்றினேன், கார்டில் பணம் கட்டினேன். ஆறு வாரம் கழித்துத் தபாலில் ஒரு சீட்டு வந்தது: பதிவு எதுவும் இல்லை, தேடல் கட்டணம் திருப்பித் தரப்படாது. என் கணவர் வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ நமக்குக் கல்யாணமே ஆகலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறை மேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்த பிறகுதான் நான் பணம் கட்டியது வேறு மாநிலத்து வாஷிங்டனுக்கு என்று புரிந்தது. தளத்தை மறுபடி திறந்து பார்த்தேன், மாநிலத்தின் பெயர் இருக்கிறது, பக்கத்தின் அடியில், ஃபேக்ஸ் எண்ணுக்குக் கீழே, இரண்டே எழுத்தில்.

சரி, கவனிக்காதது என் தப்பும்தான். ஆனால் மாநிலத்தின் பெயரைத் தலைப்பிலேயே எழுதுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையா?

பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1776-லேயே மேரிலாந்தும் வர்ஜீனியாவும் ஆளுக்கு ஒரு வாஷிங்டனை உருவாக்கிவிட்டன. மேற்கே போனவர்கள் விட்டுவந்த கவுண்டியின் பெயரையும் மூட்டையோடு தூக்கிக்கொண்டு போனார்கள், இண்டியானாவின் ஆரஞ்ச் கவுண்டி வட கரோலினாவின் ஆரஞ்சிலிருந்து போனது அப்படித்தான். கலிஃபோர்னியாவில் அதே பெயர் பழத்துக்காக, நியூயார்க்கில் 1683-லேயே ஓர் இளவரசருக்காக. கென்டக்கியின் லிங்கன் கவுண்டி 1780-இல் வந்தது, ஆபிரகாம் லிங்கன் பிறப்பதற்கு 29 வருடம் முன்பு! அது பெஞ்சமின் லிங்கன் என்ற தளபதி. இந்தக் கதைகளெல்லாம் எனக்குப் பிடித்தவைதான், சான்றிதழ் தேடாத நாட்களில்.

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியைப் பாருங்கள். 1852-இல் அடிமைகளை வைத்திருந்த வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயரில் உருவானது. 1986-இல் கவுன்சில் கூடி, இனி இது மார்ட்டின் லூதர் கிங் ஜூனியரின் கிங் என்று முடிவெடுத்தது, 2005-இல் மாநிலச் சட்டமும் வந்தது, சின்னத்தில் இருந்த கிரீடம் போய் அவர் முகம் வந்தது. அயோவாவின் ஜான்சன் கவுண்டியும் 2021-இல் துணை ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்ட் மென்டர் ஜான்சனை எடுத்துவிட்டு, அந்த மாநிலத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான லூலு மெர்ல் ஜான்சனை வைத்தது. பெயரில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஆளையே மாற்ற முடிகிற நாட்டில், லெட்டர்பேடில் ஒரு மாநிலப் பெயரைச் சேர்க்க மை தீர்ந்துவிடுமா?

மத்திய அரசுக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்க எண், முதல் இரண்டு மாநிலத்துக்கு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் 06059, ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் 12095. கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கும் அந்த வசதியைப் பணம் கட்டுகிறவர்களுக்கும் கொடுக்கலாமே.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து மாநிலத்தின் பெயரைத் தளத்தின் தலைப்பில், கவுண்டி பெயர் இருக்கும் அதே அளவில் எழுதுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் 'எந்த மாநிலத்தில் மணம் முடித்தீர்கள்?' என்று ஒரு கேள்வி வையுங்கள். அந்தத் தேடல் கட்டணத்தையும் முடிந்தால் திருப்பித் தாருங்கள், இரண்டாவது வாஷிங்டனுக்கும் கட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
31-இல் ஏதோ ஒன்றில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டவள்