கடல்நீரில் உலோகம் அளக்க டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எண்ணூரிலிருந்து நெம்மேலி வரை கரையோர நீரைச் சோதிக்க டெண்டர் விடுகிறீர்கள். அறிக்கையும் வந்து சேர்கிறது. செம்பு என்ற வரிக்கு நேரே ‘கண்டறியும் வரம்புக்குக் கீழே’ என்று போட்டிருக்கும். அந்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால், அது 79 நானோமோல் (அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு; இந்த மடலில் எல்லாம் லிட்டருக்கு). நடுக்கடலின் மேல்மட்டத்தில் கரைந்த செம்பு பெரும்பாலும் 1, 2 நானோமோல்தான். அதைப் போல முப்பது மடங்கு செம்பு கலந்த தண்ணீருக்கும் உங்கள் அறிக்கை அதே வரியைத்தான் எழுதும். படிப்பவர் கடல் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

வரம்பைக் குறைத்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு செம்பு இருக்கிறது என்பது மிதவைத் தாவரங்களுக்கு, அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு, ஒரு பொருட்டே அல்ல. எதோடும் ஒட்டாமல் தனியாகத் திரியும் செம்பு அயனி எவ்வளவு என்பதுதான் செல்லைத் தொடுகிறது. சண்டாவும் கில்லார்டும் 1976-இல் டயாட்டம் என்ற நுண்பாசியின் வளர்ப்பில் இதைக் காட்டிவிட்டார்கள். கடல்நீரில் உள்ள செம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கரிமப் பொருட்களோடு பிணைந்து கிடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் கரைந்த செம்பு 40 நானோமோல், அதாவது 2.5 மைக்ரோகிராம். முதல் இடத்தில் செம்பைப் பிடிக்கும் கரிமப் பொருள் 60 நானோமோல்; அதன் பிணைப்பு மாறிலி, அதாவது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதன் அளவு, 10-இன் 13-ஆம் அடுக்கு. 40 நானோமோலும் பிணைந்துபோக, 20 நானோமோல் பிடிமானம் மிச்சம். தனி அயனி சுமார் 0.0002 நானோமோல். இரண்டாவது இடத்தில் அந்தக் கரிமப் பொருள் 30 நானோமோல்தான். பத்து நானோமோல் செம்பு வெளியே நிற்கிறது. கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் எடுத்துக்கொண்டது போகத் தனி அயனி சுமார் 0.4 நானோமோல். முதல் இடத்தைப் போல இரண்டாயிரம் மடங்கு! சினெக்கோகாக்கஸ் போன்ற சயனோபாக்டீரியாவுக்கு 0.01 நானோமோலிலேயே வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். டயாட்டங்கள் இதைவிடத் தாங்கும். ஆகவே இரண்டாவது இடத்தில் எந்த இனம் தங்கும், எது ஓடும் என்பதே மாறிவிடுகிறது. உங்கள் அறிக்கையில் இரண்டு இடமும் ‘வரம்புக்குக் கீழே’.

இரும்பின் கதை வேறு. ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் இரும்பு துருவாகப் படிந்துவிடும். கரிமப் பிணைப்பு இல்லாமல் கரைந்திருக்கக்கூடியது ஒரு நானோமோலில் சிறு பகுதிதான். செம்பைப் பிடித்துவைக்கும் கரிமப் பொருள் தாவரத்தைக் காப்பாற்றுகிறது என்றால், இரும்பைப் பிடித்துவைப்பது அதைத் தண்ணீரிலேயே தங்கவைத்து உணவாக்குகிறது. மழைக்காலத்தில் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு கொண்டுவரும் சேற்றோடு தண்ணீரை அப்படியே அமிலத்தில் போட்டால், களிமண்ணில் உள்ள இரும்பும் கரைந்து எண்ணில் ஏறிவிடும். அந்த ‘மொத்த இரும்பு’ உண்மையில் சேற்றின் அளவு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலைகள் நீலமாக மின்னியபோது நாக்டிலூக்கா என்ற ஒளிரும் நுண்ணுயிரி பேசுபொருளானது. நம் கரையில் பூக்கும் அந்த உயிரி டயாட்டங்களைத் தின்று வாழ்வது. உலோகத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர் டயாட்டத்துக்கு என்ன கிடைத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்; மொத்த இரும்பு என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

இனி டெண்டரில் எழுத வேண்டியவை. முதலில் பாட்டில். எல்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் பாட்டிலை ஒரு நாள் சோப்புநீரில் ஊறவைத்து, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு வாரம், பிறகு நீர்த்த அமிலம் நிரப்பி இன்னொரு வாரம் வைத்து, 18.2 மெகாஓம் தண்ணீரில் (அயனி நீக்கிய மிகத் தூய நீர்) அலசி, இரண்டு ஜிப் பைகளுக்குள் போட வேண்டும். பவுடர் போட்ட கையுறை கூடவே கூடாது. அந்தப் பவுடரிலேயே துத்தநாகம் உண்டு.

மாதிரி எடுக்க ஃபைபர் படகு போதும், ஆனால் படகே பெரிய அழுக்கு. அடிப்பாகத்தில் பூசும் பெயின்டில் செம்பு, எஞ்சினில் திருகியிருக்கும் கட்டியில் துத்தநாகம், நங்கூரச் சங்கிலியில் துரு. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக மெதுவாகப் போய், முகப்பில் நின்று, பிளாஸ்டிக் கழியின் நுனியில் பாட்டிலைக் கட்டி அரை மீட்டர் ஆழத்தில் நிரப்ப வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் உள்ளே வரக் கூடாது. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளிப்பையை மட்டும் தொடுவார், மற்றவர் உள்பையையும் பாட்டிலையும் மட்டும். இந்த ஒழுங்கு குலைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது துத்தநாகம். பக்கத்துப் பக்கத்து இடங்களில் அது மட்டும் ஏறி இறங்கி ஆடினால் கடலைச் சந்தேகிக்காதீர்கள், கையைச் சந்தேகியுங்கள்.

அன்றைக்கே 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்ட வேண்டும், அமிலம் அதற்குப் பிறகுதான். லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மிகத் தூய தரத்தில். வடிகட்டியில் தங்கியதைத் தூக்கிப் போடாமல் தனியே கரைத்து அளக்கச் சொல்லுங்கள். கரிமப் பிணைப்பை அளக்கும் பாட்டிலில் அமிலம் ஒரு சொட்டும் விழக் கூடாது. அதை மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்க வேண்டும்.

லேபில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் உப்பால் வருவது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியை (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுவது) அடைக்கும் என்று தண்ணீர் சேர்த்துப் பத்து, இருபது மடங்கு நீர்க்கச் செய்துவிடுகிறார்கள். வரம்பு 5-க்கு ஏறுவது இப்படித்தான். அதோடு முடிவதில்லை. சோடியம் 23-உம் ஆர்கான் 40-உம் சேர்ந்தால் 63. கருவி அதைச் செம்பு என்று எண்ணிக்கொள்ளும். செம்பு 65-இல் அளந்து தப்பிக்கலாமே என்றால் அங்கே மக்னீசியம் 25 ஆர்கானோடு வந்து நிற்கிறது. நேரடியாக அளந்த செம்பு எண்ணை நாங்கள் நம்புவதில்லை. உலோகத்தைப் பிடிக்கும் ரெசினில் அமிலக்காரநிலை 6-ஐ ஒட்டி 40 மில்லிலிட்டரைச் செலுத்தி, உப்பைக் கழுவி, 1 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தில் இறக்க வேண்டும். அதற்கு முன் புற ஊதா ஒளியில் கரிமப் பொருளைச் சிதைக்காவிட்டால் செம்பும் கோபால்ட்டும் முழுதாக வராது. ஒவ்வொரு தொகுதியோடும் காஸ்-6 என்ற கரையோரக் கடல்நீர் ஒப்பீட்டு மாதிரியை ஓட்டி, வந்த எண்ணை அறிக்கையில் அச்சிடச் சொல்லுங்கள். படகுக்குப் போய்த் திரும்பிய வெற்று மாதிரியின் (கடல்நீருக்குப் பதில் தூய நீர் நிரப்பியது) எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிணைப்பை அளக்கும் வோல்டாமெட்ரி (பாதரசத் துளியை மின்முனையாக வைத்து மின்னோட்டத்தால் அளக்கும் முறை) எல்லா இடத்துக்கும் தேவையில்லை. எண்ணூர் கழிமுகம், காசிமேடு துறைமுக வாய், அடையாறு முகத்துவாரம், ஒப்பீட்டுக்குக் கரையிலிருந்து தள்ளி ஓரிடம், இவை போதும். ஒரு மாதிரியைப் பன்னிரண்டு டெஃப்லான் குப்பிகளில் பிரித்து, செம்பைப் படிப்படியாகக் கூட்டி, செம்பைப் பிடிக்கும் சாலிசிலால்டாக்சைம் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து இரவு முழுதும் விட்டு அளப்பார்கள். சாக்கடை கலந்த நீரில் உள்ள சோப்புப் பொருட்கள் பாதரசத் துளியில் ஒட்டிக்கொண்டு சிக்னலை அமுக்கும். கழிமுக எண்கள் சந்தேகமாகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மற்ற இடங்களுக்கு டி.ஜி.டி. வட்டு, அதாவது ஜெல் வழியே ஊடுருவி வரும் உலோகத்தைச் சேர்த்துவைக்கும் சிறு கருவி, வைக்கலாம். 3.14 சதுர சென்டிமீட்டர் வாய், 0.8 மில்லிமீட்டர் ஜெல், அடியில் உலோகத்தைப் பிடிக்கும் கீலெக்ஸ் ரெசின். நைலான் கயிற்றில் மிதவையோடு கட்டி ஒன்று முதல் மூன்று நாள் விட்டால், தனி அயனியையும் எளிதில் பிரியக்கூடிய பிணைப்புகளையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். நம் வெதுவெதுப்பான நீரில் அதற்கு மேல் விட்டால் வாயில் பாசி படியும், எண் குறைந்து வரும். நீரின் வெப்பநிலையையும் பதிய வேண்டும்; ஒரு டிகிரி தவறினால் முடிவு சுமார் 3 விழுக்காடு தவறும்.

முகத்துவாரங்களில் இடத்தைக் கிலோமீட்டர் கணக்கில் குறிப்பதை விட்டுவிடுங்கள். ஆற்றுநீர் கொண்டுவரும் கரைந்த இரும்பில் பெரும்பங்கு உப்பு லிட்டருக்கு 0-க்கும் 15 கிராமுக்கும் நடுவிலேயே திரண்டு விழுந்துவிடும். உப்பு 0, 5, 10, 15, 25, முழுக்கடல் என்று உப்புமானியைப் பார்த்துப் படகை நிறுத்தச் சொல்லுங்கள். மணல் திட்டு அடைத்திருக்கும்போது ஒரு முறை, வெட்டித் திறந்த பிறகு ஒரு முறை. அடியில் சல்ஃபைடோடு கிடந்த உலோகங்கள் காற்றுப்பட்ட நீரில் கிளறப்படும் சமயம் அது.

செலவு கூடும். அதற்காக மாதிரி எடுக்கும் இடங்களைப் பாதியாக்கினாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை தரும் எல்-1 முறையில் வெற்று மாதிரியையும் ஒப்பீட்டு மாதிரியையும் விட்டுவிடும் லேப்தான் எப்போதும் மலிவாக வந்து நிற்கும். ஆகவே இவற்றை விலைப் பகுதியில் வைக்காமல் தொழில்நுட்பத் தகுதிப் பகுதியிலேயே கட்டாயமாக்குங்கள். பாட்டில் தயாரிக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதிரி வேண்டுமென்றால் ஆகஸ்டுக்குள் ஒர்க் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடல்நீர் உலோக ஆய்வில் இருக்கும் சிலர்,
சென்னை.