பிள்ளைங்க பேசாம உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியலன்னு அர்த்தமில்ல

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம், ரங்கூன்ல இருந்து எழுதுறேன்.

போன இதழ்ல வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வேலையப் பத்தி வந்த கட்டுரைய வீட்ல எல்லாரும் மாத்தி மாத்திப் படிச்சோம். சம்பளம், விசா, சர்டிபிகேட்னு நல்லா விவரமா இருந்துச்சு. ஆனா ஒரு இடம் மட்டும் ரெண்டு நாளா மனசுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. பர்மா மாதிரி நாட்டுல பிள்ளைங்களுக்கு மனப்பாடம் மட்டும்தான் தெரியும், கேள்வி கேட்டா வாயத் தெறக்க மாட்டாங்க, போனதும் அந்தப் பழக்கத்ததான் மொதல்ல மாத்தணும்னு இருந்துச்சு. நான் 28 வருஷமா வீட்டுக் கூடத்துல பாய விரிச்சு டியூஷன் எடுக்குறேன், தமிழ்ப் பிள்ளைங்க பர்மாக்காரப் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணாதான் உக்காருவாங்க, அதனால இதப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

என்கிட்ட படிக்கிற பர்மாக்காரப் பொண்ணு ஒருத்தி, 11 வயசு, இங்க ஒரு இங்கிலீஷ் சென்டர்ல சேந்தா. வெளியூர்ல இருந்து வந்த வாத்தியார் பாடம் நடத்திட்டு புரிஞ்சுதான்னு கேட்டிருக்காரு, யெஸ் டீச்சர்னு சொல்லியிருக்கா, அப்புறம் அதுலயே ஒரு கேள்வி கேட்டதும் தலையக் குனிஞ்சு நின்னுட்டா. இதே மாதிரி நாலு தடவ ஆனதும் ஒரு வகுப்பு கீழ எறக்கி விட்டுட்டாங்க. அவ அம்மா கண்ணு கலங்கி என்கிட்ட வந்தாங்க. நான் பர்மீஸ்ல மெதுவா கேட்டேன், ஏம்மா புரியலன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு. அதுக்கு அவ, புரியலன்னு சொன்னா சயா சரியா சொல்லிக் குடுக்கலன்னு ஆயிடுமே சயாமா, அவரு மனசு கஷ்டப்படுமேன்னா (சயான்னா வாத்தியார், சயாமான்னா டீச்சரம்மா). இதத்தான் இங்க "ஆனாடே"ன்னு சொல்றாங்க, அடுத்தவங்கள சங்கடத்துல விடக் கூடாதுன்னு நெஞ்சுக்குள்ள வர்ற ஒரு தயக்கம். நம்ம மாதா பிதா குரு தெய்வம்னு சொல்ற மாதிரி இங்க புத்தர், தர்மம், சங்கம்னு சொல்ற புத்த பிக்குங்க, அப்பா அம்மா, வாத்தியார்னு அஞ்சு பேரையும் ஒரே வரிசையில வச்சுக் கும்புடுறாங்க. நோட்டு நீட்டுறப்பகூட இடது கைய வலது முழங்கையில தொட்டுக்கிட்டுதான் நீட்டுவாங்க. அப்படி வளந்த பிள்ளைங்க முன்னாடி வாத்தியார் புஸ்தகம் வைக்கிற மேசை மேல ஏறி உக்காந்தா பிள்ளைங்க கீழ பாக்காம வேற எங்க பாப்பாங்க? நான் யாரையும் புரிஞ்சுதான்னு கேக்குறதே இல்ல, ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கச் சொல்லி, எது புரியலன்னு ஒரு துண்டு பேப்பர்ல பேர் போடாம எழுதிக் குடுங்கன்னு வாங்கிப்பேன், அப்ப பாருங்க எத்தனை கேள்வி வருதுன்னு.

இப்ப மனப்பாடத்துக்கு வர்றேன். பர்மாப் பிள்ளைங்க எழுத்து படிக்கிறதே க-ஜீ, க-க்வேன்னு ராகம் போட்டு எல்லாரும் சேந்து சொல்லித்தான், நாமளும் வாய்ப்பாடு அப்படித்தானே படிச்சோம். அத ஏன் ஒடைக்கணும், அதுலயே இங்கிலீஷ ஏத்தலாமே. பர்மீஸ்ல வார்த்தை முடிவுல க், ட், ஃப் எல்லாம் வாய்க்கு வராது, தொண்டையில டக்குன்னு நின்னுடும், அதனால லைக், லைட், லைஃப் மூணும் அவங்க வாயில ஒண்ணாதான் கேக்கும். நம்ம பிள்ளைங்களுக்கு நேர் மாறா, கடைசியில ஒரு உ ஒட்டிக்கும், லைக்கு, லைட்டு. "ஐ லைக் இட் எ லாட்"னா பர்மாப் பையன் "ஐ லை இ அ லா"ன்னுவான், தமிழ்ப் பையன் "ஐ லைக்கு இட்டு எ லாட்டு"ன்னுவான். நான் என்ன பண்ணேன்னா கடைசி எழுத்த அடுத்த வார்த்தை தலையில தூக்கி வச்சேன், ஐ-லை-கி-ட-லாட், கைதட்டிக்கிட்டே சேந்து சொல்ல வச்சேன். மொதல் எழுத்தா வந்தா பர்மாப் பிள்ளைக்கு க வும் ட வும் தாராளமா வரும், தமிழ்ப் பிள்ளைக்கு உ ஒட்ட எடமே இருக்காது. அந்த கடைசி லாட்டுக்கு மட்டும் இன்னும் தனியா பாடுபடணும். "தேங்க்யூ"வோட மொத எழுத்துக்கு பர்மாப் பிள்ளைங்கதான் நம்ம பிள்ளைங்களுக்கு வாத்தியார், அந்த நாக்கு நுனி சத்தம் அவங்க மொழியிலயே இருக்கு.

வாக்கியம் அமைக்கிறதும் அப்படித்தான். தமிழ்ல சோறு சாப்பிடுறேன், பர்மீஸ்ல தமின் சா டே, ரெண்டுலயும் வினை கடைசியில, அதனால ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தலைகீழாத்தான் தெரியும். ஆனா அந்த சா டே சாப்பிடுறேனுக்கும் சாப்பிட்டேனுக்கும் ஒண்ணேதான், நேத்துன்னு முன்னாடி போட்டா போதும். அதனாலதான் "எஸ்டர்டே ஐ ஈட்"னு எழுதுறாங்க, அதுக்கு கவனக்குறைவுன்னு திட்டினா பாவம்.

மனப்பாடத்துல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல. அர்த்தம் தெரியாம முழுக் கட்டுரையும் ஒப்பிச்சு மார்க் வாங்குறது எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா அது எங்கிருந்து வந்துச்சுன்னும் பாக்கணும். 1960-கள்ல தனியார் பள்ளிக்கூடமெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, எல்லாம் பர்மீஸ்லன்னு ஆச்சு, எங்க அண்ணன் அஞ்சாம் வகுப்புலதான் ஏபிசிடியே பாத்தாரு. 1981-ல மறுபடி பாலர் வகுப்புல இருந்தே இங்கிலீஷ் வந்துச்சு, நான் பள்ளிக்கூடம் சேந்த வருஷம் அது. சொல்லிக் குடுத்த சயாமாவுக்கே பேசிப் பழக்கமில்ல, கையில புஸ்தகம், வகுப்பு நெறைய பிள்ளைங்க, எல்லாரும் சேந்து சொல்ல வைக்கிறத தவிர அவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்கப்புறம் பெரிய வகுப்புல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி புஸ்தகம் இங்கிலீஷ்ல, விளக்கம் பர்மீஸ்ல, பரீட்சை மறுபடி இங்கிலீஷ்ல. ஒப்பிக்காம எப்படி பாஸ் பண்றது?

இங்கிலீஷ் டீச்சர் ஆகுறவங்க படிக்கிற செல்டா மாதிரி சர்டிபிகேட் கோர்ஸ்ல மொத்தம் 120 மணி நேரம், அதுல வகுப்பு எடுத்துக் காட்டுறது 6 மணி நேரம்னு போட்டிருக்கு. நல்ல பயிற்சிதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா இங்க வர்றவங்க அதோட ஒரு மாசம் பர்மீஸ் படிச்சிட்டு வரட்டும், பேச வராட்டியும் பரவால்ல, இந்தப் பிள்ளைங்க நாக்கு எங்க நிக்குதுன்னாவது தெரியும். உங்க வாசகர்கள்ல யாராவது ரங்கூன் பக்கம் டீச்சர் வேலைக்கு வர்றதா இருந்தா இதழ் மூலமா எனக்குச் சொல்லி அனுப்புங்க, சாயங்காலம் 4 மணிக்கு வகுப்பு, ஒரு வாரம் பிள்ளைங்களோட பாயில உக்காந்து பாக்கட்டும். அந்தப் பொண்ணும் வருவா, இப்ப துண்டு பேப்பர்ல அவ பேரையும் போட்டுத்தான் கேள்வி எழுதுறா.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, டியூஷன் டீச்சர்,
ரங்கூன்